முகவாதமும் ஊசியும்: அந்த முதல் மூன்று நாளைப் பற்றி யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில், திடீரென முகம் ஒரு பக்கமாகக் கோணிப்போய், அக்குபஞ்சர் செய்துகொண்டு குணமானவர்களின் அனுபவங்களைப் படித்தேன். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, எழுதியவரும் மனசாரத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அவ்வளவு நீளமான கட்டுரையில் முதல் மூன்று நாளைப் பற்றி ஒரு வரி இல்லை, கண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை, இது பக்கவாதமாகவும் இருக்கலாம் என்ற எச்சரிக்கையும் இல்லை. நாளைக்கே ஒருவர் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு ஓரமாக ஒழுகினால், கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் தொங்கினால், அவர் நினைவுக்கு முதலில் வரப்போவது உங்கள் கட்டுரைதான். நேராக ஊசி குத்தும் இடத்தைத் தேடிப் போவார். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். முகவாதம் வந்தவர்களுக்கு முகப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் முதலில் அக்குபஞ்சர் பார்த்துவிட்டு வருகிறவர்கள், சிலர் இரண்டையும் சேர்த்தே செய்கிறவர்கள். அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. டாக்டரைப் பார்த்து, மாத்திரை தொடங்கி, கண்ணுக்குப் பாதுகாப்பு செய்துவிட்டு, அப்புறம் யார் எந்த ஊசியைக் குத்திக்கொண்டாலும் எனக்குச் சம்மதமே. வரிசை மாறும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

முதலில் இந்த நோயில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மூளையிலிருந்து முகத்துக்கு வரும் நரம்பு, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புக்குள் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குறுகலான எலும்புக் குழாய் வழியாக வருகிறது. அதன் மிகக் குறுகிய இடத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஏதோ காரணத்தால், பெரும்பாலும் உடம்புக்குள் தூங்கிக்கிடந்த ஹெர்பிஸ் வைரஸ் மறுபடி விழித்துக்கொள்வதால் என்று சந்தேகிக்கிறார்கள், அந்த நரம்பு வீங்குகிறது. விரல் வீங்கினால் மோதிரம் இறுகுமே, அந்த மாதிரி. வெளியே விரிய இடமில்லாமல் நரம்பு தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. அந்தப் பக்கத்து நெற்றி சுருங்காது, இமை மூடாது, வாய்க்கோடி தொங்கும். சிலருக்கு நாக்கின் முன்பகுதியில் ருசி தெரியாது, சிலருக்கு அந்தப் பக்கத்துக் காதில் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும், ஏனென்றால் இந்த வேலைகளும் அதே நரம்பின் கிளைகளுடையவைதான். சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1821-இல் முக நரம்பைப் பற்றி எழுதியதால் இதற்கு பெல்ஸ் பால்சி என்று பெயர் வந்தது. அப்படியொன்றும் அபூர்வமான நோய் இல்லை, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 15 முதல் 30 பேருக்கு வருகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருப்பவர்களுக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

இனி, உங்கள் கட்டுரையில் வந்தவர்கள் எல்லாரும் ஏன் குணமானார்கள் என்ற கேள்விக்கு வருவோம். டென்மார்க்கில் பைட்டர்சன் என்ற மருத்துவர் 25 ஆண்டுகள் உட்கார்ந்து, 1,701 பெல்ஸ் பால்சி நோயாளிகளை எந்த மருந்தும் கொடுக்காமல் கவனித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார். எந்தச் சிகிச்சையும் இல்லாமலே 71 சதவீதம் பேருக்கு முகம் முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்பியது. இன்னும் ஒரு விஷயம், 85 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கிவிட்டது. இதை வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். ஒருவர் ஐந்தாம் நாள் அக்குபஞ்சருக்குப் போகிறார், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி போட்டுக்கொள்கிறார், இரண்டு வாரம் கழித்து வாய்க்கோடி லேசாகத் துடிக்கிறது. ஊசிதான் இதைச் செய்தது என்று அவர் நம்பாமல் வேறு எதை நம்புவார்? ஊசி போட்டவரும் அப்படித்தான் நம்புவார், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அவரிடம் வரும் நூறு பேரில் எழுபது பேர் சும்மா இருந்தாலே சரியாகிவிடுவார்கள் என்னும்போது, அவர் சுவரில் நன்றிக் கடிதங்களுக்குப் பஞ்சமே இருக்காது. திரும்பி வராத மீதிப் பேர் கடிதம் எழுதுவதில்லை.

சொன்னால் சொல்லவேண்டும், இது என் தொழிலுக்கும் பொருந்தும். நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியால்தான் முகம் நேரானது என்று என் கையைப் பிடித்து நன்றி சொன்னவர்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேர் நான் இல்லாமலும் சரியாகியிருப்பார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும், அதனால் அந்த நன்றியைப் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஆகவே கேள்வி அந்த 71 பேரைப் பற்றியது இல்லை. மிச்சம் 29 பேரைப் பற்றியது. அதே டென்மார்க் ஆய்வில் முகம் முழுதாகச் செயலிழக்காமல் ஓரளவு அசைவு இருந்தவர்களில் 94 சதவீதம் பேர் முழுக்கக் குணமானார்கள், முழுதாகச் செயலிழந்தவர்களில் 61 சதவீதம் பேர்தான். இந்த இரண்டாவது கூட்டத்தில் யாருடைய நரம்பு தானாகத் தேறும், யாருடையது தேறாது என்று முதல் நாளில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் வயதுவந்த நோயாளிகள் எல்லாருக்கும் ஆரம்பத்திலேயே வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கச் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 551 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007-இல் வெளியானது. முகம் கோணி 72 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைப் பத்து நாள் கொடுத்தார்கள். மூன்றாம் மாதத்தில் மாத்திரை எடுத்தவர்களில் 83 சதவீதம் பேர் முழுக்கக் குணம், எடுக்காதவர்களில் 63.6 சதவீதம். ஒன்பதாம் மாதத்தில் 94.4-க்கு 81.6. வைரஸ் மருந்தைத் தனியாகக் கொடுத்ததில் பலன் தெரியவில்லை. அடுத்த ஆண்டே ஸ்வீடனிலும் பின்லாந்திலும் எண்ணூறுக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வும் ஸ்டீராய்டுக்கு இதே திசையில்தான் விடை சொன்னது.

இதில் நான் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் எண் அந்த 72 மணி நேரம்தான். நரம்பு வீங்கி நசுங்கிக்கொண்டிருக்கும்போது வீக்கத்தைக் குறைத்தால் பலன் உண்டு, நசுங்கி முடிந்த பிறகு குறைத்து என்ன செய்வது? நாலாம் நாள் வந்தால் கதவே சாத்திவிட்டது என்று அர்த்தமில்லை, டாக்டர் பார்த்து முடிவெடுப்பார், ஆனால் ஆய்வில் நிரூபணமான பலன் முதல் மூன்று நாளில் தொடங்கியவர்களுக்குத்தான். அந்த மூன்று நாளை ‘முதலில் இயற்கை முறையில் பார்ப்போம், சரியாகாவிட்டால் டாக்டரிடம் போகலாம்’ என்று கழித்தவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். மற்ற நோய்களில் அந்த அணுகுமுறை எப்படியோ, இதில் அது தலைகீழ். முதலில் மாத்திரை, ஊசி காத்திருக்கும். மாத்திரை காத்திருக்காது.

குழந்தைகளுக்குக் கதை கொஞ்சம் வேறு. அவர்களுக்கு தானாகவே நன்றாகத் தேறிவிடுகிறது, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குழந்தைகளை வைத்துச் செய்து 2022-இல் வெளியான ஆய்வில் ஸ்டீராய்டு பெரிய வித்தியாசம் காட்டவில்லை. அதை டாக்டர் முடிவு செய்யட்டும், நாம் செய்யவேண்டாம்.

‘ஸ்டீராய்டு’ என்றதும் பலருக்கு முகம் இன்னொரு முறை கோணுகிறது, அது எனக்குத் தெரியும். எலும்பு தேயும், உடம்பு ஊதும் என்றெல்லாம் கேள்விப்பட்டது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எடுப்பவர்களின் கதை. இங்கே பேச்சு பத்து நாள் கணக்கில். அந்தப் பத்து நாளில் சர்க்கரை ஏறலாம், தூக்கம் கெடலாம், வயிறு எரியலாம், மனம் ஒரு மாதிரி படபடக்கலாம். சர்க்கரை நோயாளி, ரத்த அழுத்தம் உள்ளவர், கர்ப்பிணி எல்லாரும் டாக்டரிடம் அதைச் சொல்லவேண்டும், அவர் கண்காணித்துக்கொண்டே கொடுப்பார். மருந்துக்கடையில் நேராகப் போய் நாமாக வாங்கி விழுங்குகிற சமாச்சாரம் இது இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், இல்லாவிட்டால் என் கடிதத்தைப் படித்துவிட்டு அதைச் செய்ய ஒருவர் கிளம்பிவிடுவார்.

சரி, அக்குபஞ்சருக்கு ஆதாரமே இல்லையா? இருக்கிறது, ஆனால் எந்த மாதிரி ஆதாரம் என்று பார்க்கவேண்டும். உலக சுகாதார அமைப்பு இதை அங்கீகரித்துவிட்டது என்று அடிக்கடி சொல்வார்கள். அந்த அமைப்பு 2003-இல் வெளியிட்ட அக்குபஞ்சர் அறிக்கையில் பெல்ஸ் பால்சி இருப்பது உண்மைதான், எந்தப் பட்டியலில் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. பலன் தெரிகிறது, ஆனால் இன்னும் நிரூபணம் தேவை என்ற இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துவைத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2010-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தேடிச் சலித்து, 537 பேர் பங்கேற்ற ஆறு ஆய்வுகளை எடுத்துப் பார்த்து, எந்த முடிவுக்கும் வரமுடியாத அளவுக்கு அவற்றின் தரம் போதவில்லை என்று சொல்லிவிட்டது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அக்குபஞ்சரைச் செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை, பரிந்துரை எதுவும் கொடுக்க முடியாது என்றது. அதே வழிகாட்டுதல் பிசியோதெரபிக்கும் அதே பதிலைத்தான் கொடுத்தது. சிரிப்பாக இருக்கும், ஆனால் அக்குபஞ்சர்காரரும் நானும் அந்தக் காகிதத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம்.

அதே 2013-இல் சீனாவில் 11 மருத்துவமனைகளில் 338 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வு கனடா மருத்துவ இதழில் வந்தது. அக்குபஞ்சருக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள், காட்டவும் வேண்டும், ஏனென்றால் மற்றவற்றைவிட ஒழுங்காகச் செய்யப்பட்டது. ஒரு கூட்டத்துக்கு ஊசியைக் குத்தி, மரத்து, கனத்து, இழுப்பது போன்ற அந்த உணர்வு வரும்வரை திருகித் தூண்டினார்கள், ‘தே ச்சீ’ என்று அவர்கள் சொல்வது அதைத்தான். இன்னொரு கூட்டத்துக்கு ஊசியைக் குத்தியதோடு சரி, திருகவில்லை. ஆறு மாதம் கழித்து முதல் கூட்டத்தின் முகம் நன்றாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, ஊசியே போடாத கூட்டம் அதில் இல்லை, அதனால் பலமாகத் தூண்டுவது லேசாகக் குத்துவதைவிட மேல் என்பது தெரிகிறதே தவிர, ஊசி போடுவது போடாமல் இருப்பதைவிட மேலா என்பது அதிலிருந்து தெரியாது. இரண்டாவதுதான் எனக்கு முக்கியம், அந்த இரண்டு கூட்டத்துக்கும் பிரெட்னிசோன் கொடுத்தார்கள். அக்குபஞ்சரின் சொந்த நாட்டில், அக்குபஞ்சருக்காகவே நடத்திய ஆய்வில், ஒருவருக்குக்கூட ஸ்டீராய்டை நிறுத்தவில்லை. இங்கே ‘எங்களிடம் வந்தால் மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும்’ என்று நிபந்தனை போடும் சில ஹீலர்கள் அதே ஆய்வைக் காட்டிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். படித்துவிட்டுப் பேசுகிறார்களா என்று தெரியவில்லை.

கண்ணைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மனசு வராது. இமை மூடாத கண் காய்ந்துபோகும். பகலில் தூசி, காற்று, இரவில் தூங்கும்போது மணிக்கணக்கில் திறந்தே கிடக்கும் கருவிழி. அதில் புண் வந்து தழும்பானால் பார்வை போகும், முகம் நேரான பிறகும் பார்வை திரும்பாது. முகவாதத்தில் நிரந்தரமாக இழக்கக்கூடியவற்றில் மிக மோசமானது இதுதான், தடுப்பதற்கு மிகச் சுலபமானதும் இதுதான். பகலில் அடிக்கடி செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் கண் களிம்பு போட்டு இமையை மூடி டேப் ஒட்டுவது, வெளியே போனால் கண்ணாடி. டேப்பை எப்படி ஒட்டுவது என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும், சரியாக மூடாத இமைமேல் சும்மா பஞ்சை வைத்துக் கட்டினால் பஞ்சே கருவிழியை உரசும். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, மங்கலாகத் தெரிந்தாலோ அன்றைக்கே கண் டாக்டர். முகம் கோணியவர்கள் வாயைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள், அது வெளியே தெரிகிறது, நாலு பேர் பார்க்கிறார்கள். கண்ணை மறந்துவிடுகிறார்கள். எந்த ஊசிக்காரராவது முதல் நாளே ‘இரவில் கண்ணை எப்படி மூடுகிறீர்கள்?’ என்று கேட்டால் அவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிடும்.

அப்புறம், கோணிய முகமெல்லாம் பெல்ஸ் பால்சி இல்லை. நெற்றியைச் சுருக்கச் சொன்னால் சுருங்குகிறது, வாய் மட்டும் கோணியிருக்கிறது என்றால் அது மூளையில் வந்த பக்கவாதமாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருகிறது, ஒரு பக்கம் கெட்டாலும் இன்னொன்று தாங்கிக்கொள்ளும். ஆனால் இந்த நெற்றிச் சோதனையை வீட்டில் செய்து பார்த்து ‘சுருங்கவில்லை, அப்போ பக்கவாதம் இல்லை’ என்று யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம், மூளைத்தண்டில் வரும் சில பக்கவாதங்களில் நெற்றியும் போகும். கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், தள்ளாட்டம், இரட்டையாகத் தெரிவது என்று எது சேர்ந்திருந்தாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடவேண்டும். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு இருக்கும் நேரம் பொதுவாக நாலரை மணி நேரம்தான். காதில் கொப்புளமும் கடுமையான வலியும் தலைச்சுற்றலும் இருந்தால் அது சின்னம்மை வைரஸ் முக நரம்பைத் தாக்கும் ராம்சே ஹண்ட் நோயாக இருக்கலாம், அதற்கு வைரஸ் மருந்தும் சேர்த்து வேண்டும், தேறுவதும் கஷ்டம். ஒரே நாளில் வராமல் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக முகம் தொங்கினால் கட்டி ஏதாவது நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்கவேண்டும். நாடி பிடித்து மட்டும் இவற்றையெல்லாம் பிரித்துச் சொல்லிவிட முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவ்வளவுதான்.

இத்தனையும் செய்துவிட்டு ஒருவர் அக்குபஞ்சருக்குப் போகிறார் என்றால், போகட்டும். முகத்தில் ஊசி குத்துவதில் பெரிய ஆபத்து அபூர்வம், சின்ன ரத்தக்கட்டு வரலாம். ஊசி ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் ஊசியா, கண்முன்னே உறையைப் பிரிக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் ஊசி குத்துவதற்கு முன்னால் அதைச் சொல்லவேண்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடவேண்டும், இதில் எனக்குச் சமரசம் இல்லை.

மூன்று மாதம் ஆகியும் முகம் சரியாகாதவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன், அக்குபஞ்சருக்கு உண்மையில் இடம் இருக்கிறது என்றால் இங்கேதான் தேடவேண்டும் என்றும் நினைக்கிறேன். சிதைந்த நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் மெதுவாக வளர்ந்து திரும்பும், அப்படி வரும்போது வழி மாறி வேறு தசையில் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் சிரித்தால் கண் மூடிக்கொள்கிறது, கண்ணை மூடினால் வாய் இழுக்கிறது, சாப்பிடும்போது கண்ணில் நீர் வழிகிறது. இந்த மாதிரி நாள்பட்ட பாதிப்பு உள்ளவர்களுக்கு அக்குபஞ்சர் செய்து பார்த்த ஒரு கொரிய ஆய்வு 2015-இல் வந்தது, முன்னேற்றம் தெரிந்தது என்றார்கள். ஆனால் 39 பேர்தான், ஒப்பிட்டது சும்மா காத்திருந்தவர்களோடு, போலி ஊசியோடு இல்லை. அதை வைத்துப் பெரிதாகச் சொல்லமுடியாது, தூக்கிப்போடவும் முடியாது. இந்தக் கட்டத்தில் சீக்கிரம் சரியாகவேண்டும் என்ற வெறியில் கண்ணாடி முன்னால் நின்று முகத்தை முழுபலத்தோடு சுருக்கி, இழுத்து, ஊதிப் பயிற்சி செய்கிறவர்கள்தான் தங்களுக்குத் தாங்களே கெடுதல் செய்துகொள்கிறார்கள். தப்பான இணைப்பு அதனால் இன்னும் பலமாகிறது. மெதுவாக, சின்னச் சின்ன அசைவாக, இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்யவேண்டிய வேலை இது. தேவைப்பட்டால் இறுகிய தசையைத் தளர்த்த போட்டுலினம் என்ற மருந்தை ஊசியில் போடும் டாக்டர்களும் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் முகம் முழுக்க வராதவர்கள் இன்னொரு முறை சிறப்பு மருத்துவரிடம் போகவேண்டும் என்று மேலே சொன்ன அமெரிக்க வழிகாட்டுதலும் சொல்கிறது, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் ஊசி மட்டும் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை, மறுப்பு போடவும் சொல்லவில்லை. குணமானவர்கள் அவர்கள் அனுபவத்தைச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், முகம் திடீரெனக் கோணினால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கவேண்டும், ஸ்டீராய்டு தொடங்க வேண்டியது மூன்று நாளுக்குள், இரவில் கண்ணை மூடி ஒட்டவேண்டும், கை காலோ பேச்சோ சேர்ந்து பாதித்தால் அவசரச் சிகிச்சை என்று நாலு வரி போடுங்கள். நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் சரிபார்த்தே போடுங்கள், என்னை நம்பிப் போடவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர், ஒரு பிசியோதெரபிஸ்ட்